கன்னியாகுமரியிலிருந்து டிக்கெட், கோவில்பட்டியில் ஏற்றம்: இது கள்ளத்தனமா?

கேள்வி: ஐயா, சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம். மாதம் ஒரு முறையாவது போய் வருவேன். கோவில்பட்டியிலிருந்து சென்னைக்குப் போட்டால் எப்போதும் வெயிட்டிங் லிஸ்ட்தான். அதே வண்டியில் கன்னியாகுமரியிலிருந்து எழும்பூருக்குப் போட்டால் கன்ஃபார்ம் கிடைக்கிறது. அப்படிப் போட்டு, போர்டிங் பாயிண்டைக் கோவில்பட்டி என்று மாற்றிக்கொள்கிறேன். பண்டிகை நேரத்தில் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரே ராத்திரிக்கு மூன்று வண்டியில் போட்டு வைத்து, எது தோதோ அதில் போவேன். அம்மாவுக்கு 57 வயது. கீழ் பெர்த் கிடைக்கட்டும் என்று 60 என்று போடுகிறேன். போன மாதம் எனக்குத் திடீர் வேலை வந்துவிட்டதால் என் டிக்கெட்டில் மச்சினனை அனுப்பினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பா, "இது அத்தனையும் கள்ளத்தனம்தான்" என்கிறார். காசு கொடுத்துத்தானே போகிறேன், இதில் என்ன கள்ளத்தனம்? பெயர் வேண்டாம்.

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் நாலு விஷயம் இருக்கிறது. அப்பா நாலையும் ஒரே மூட்டையாகக் கட்டி "கள்ளத்தனம்" என்று சீட்டு ஒட்டிவிட்டார். நீங்கள் அதே மூட்டைக்கு "காசு கொடுத்தாச்சு" என்று வேறொரு சீட்டு ஒட்டுகிறீர்கள். இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. 34 வருஷம் டிக்கெட் பரிசோதகராக இரவு வண்டிகளில் நடந்தவன் நான். ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்க்கலாம்.

முதலில் கன்னியாகுமரி டிக்கெட். உங்களுக்குக் கோவில்பட்டியில் கிடைக்காமல், அதே வண்டியில் கன்னியாகுமரியிலிருந்து கிடைப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு வண்டியின் பெர்த்துகளைக் கோட்டாவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். புறப்படும் ஊருக்கும் அதை ஒட்டிய ஊர்களுக்கும் சேர்த்துப் பெரிய பங்கு. அதுதான் ஜெனரல் கோட்டா. நடுவழி ஊர்களுக்கு ரிமோட் லொகேஷன், பூல்டு கோட்டா என்று சின்னச் சின்னப் பங்கு. உங்கள் வெயிட்டிங் லிஸ்ட் எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்துகளைக் கவனித்திருக்கிறீர்களா? ஜிஎன்டபிள்யூஎல் என்றால் ஜெனரல். ஆர்எல்டபிள்யூஎல், பிக்யூடபிள்யூஎல் என்றால் அந்தச் சின்னப் பங்குகள். பங்கு சின்னதாக இருந்தால் அதில் ரத்தாவதும் கொஞ்சம்தான், அதனால் பட்டியல் நகர்வதும் கொஞ்சம்தான். பத்தாம் நம்பரில் நிற்கிற பிக்யூடபிள்யூஎல் அப்படியே நின்றுவிடும். நாற்பதில் இருக்கிற ஜெனரல் கன்ஃபார்ம் ஆகிவிடும். இது என் கண்ணால் எத்தனையோ முறை பார்த்தது.

நீங்கள் செய்வது, சின்ன வரிசையை விட்டுப் பெரிய வரிசையில் போய் நிற்பது. அதற்குரிய கட்டணத்தை முழுசாகக் கட்டுகிறீர்கள். கன்னியாகுமரிக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே ஏறக்குறைய 150 கி.மீ. அந்தத் தூரத்தில் ஒரு தண்டவாளக் கட்டையைக்கூட நீங்கள் தாண்டவில்லை, ஆனாலும் காசு கொடுத்திருக்கிறீர்கள். போர்டிங் பாயிண்டை மாற்றிக்கொள்ள ரயில்வேயே விதி வைத்திருக்கிறது. ஒளித்து மறைத்து எதுவும் நடக்கவில்லை. என் கையில் இருக்கும் பயணிகள் பட்டியலான சார்ட்டிலேயே இன்னார் கோவில்பட்டியில் ஏறுவார் என்று இருக்கும். இதில் கள்ளத்தனம் இல்லை. அப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

இரண்டு எச்சரிக்கை உண்டு. மாற்றாமல் கோவில்பட்டியில் போய் ஏறினால், நாகர்கோவிலிலோ திருநெல்வேலியிலோ "ஆள் வரவில்லை" என்று போட்டு உங்கள் பெர்த்தை, பாதிப் பெர்த்தில் உட்கார்ந்து வருகிற ஆர்ஏசிக்காரருக்குக் கொடுத்திருப்பார்கள். அப்புறம் சண்டை போட்டுப் பயனில்லை. மாற்றிய பிறகு மனசு மாறி முந்தின ஸ்டேஷனிலேயே ஏறினால், அந்தத் தூரத்துக்கு அபராதத்தோடு வசூலிப்போம்.

பலபேர் இந்த இடத்தில் "அதிகத் தூரத்துக்கு டிக்கெட் எடுத்தால் காசு கொஞ்சம்தானே கூடுகிறது, இதில் ஏதோ ஓட்டை இருக்கு" என்று நினைக்கிறார்கள். ஓட்டை இல்லை. நம் ரயில் கட்டணம் தூரம் கூடக்கூட கிலோமீட்டர் ஒன்றுக்கான விலை குறைகிற மாதிரி அமைத்தது. அதனால்தான் ஸ்லீப்பரில் இன்னும் 150 கி.மீ. சேர்த்தாலும் சில பத்து ரூபாய்தான் ஏறும். நம் ஊரில் ஒரு பயணத்தை இரண்டு டிக்கெட்டாக வெட்டினால் விலை கூடும். பிரிட்டனில் இதற்குத் தலைகீழ். அங்கே கட்டணம் தூரத்தை ஒட்டி ஒழுங்காக ஏறுவதில்லை, அதனால் நடுவில் ஓர் ஊரில் வெட்டி இரண்டு டிக்கெட் எடுத்தால் பல தடங்களில் மலிவு. வண்டி அந்த நடு ஊரில் நின்றால் போதும், அது அங்கே விதிப்படி செல்லும். விலைப்பட்டியலைப் போட்டவன் ரயில்வே. அதைக் கவனமாகப் படித்தவன் குற்றவாளி ஆக மாட்டான்.

இன்னொன்றும் அப்பாவுக்குச் சொல்லுங்கள். ஸ்லீப்பரில் குறைந்தபட்சம் 200 கி.மீ.க்கும், மூன்றடுக்கு ஏசியில் 300 கி.மீ.க்கும் கட்டணம் வாங்குகிறார்கள். கோவில்பட்டியிலிருந்து மதுரை நூறு கி.மீ. கூட வராது; ஸ்லீப்பரில் போகிறவர் 200 கி.மீ.க்குத்தான் கட்டுகிறார். போகாத தூரத்துக்குக் காசு வாங்குவது ரயில்வேக்கு நியாயம் என்றால், போகாத தூரத்துக்குக் காசு கொடுத்து பெர்த் வாங்குவது பயணிக்கும் நியாயம்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இதிலும் ஒரு முள் இருக்கிறது. கோவில்பட்டி வரை உங்கள் பெர்த் காலியாக வருகிறது. கம்ப்யூட்டர் அதை வேறு யாருக்கும் விற்காது. அதைவிட முக்கியம், ஜெனரல் கோட்டாவில் நீங்கள் எடுத்த அந்த ஒரு பெர்த் போய்விட்டதால், நாகர்கோவிலிலோ வள்ளியூரிலோ ஒருவர் வெயிட்டிங் லிஸ்டில் ஒரு படி கீழே இறங்கியிருக்கிறார். அவருக்கும் சென்னையில் வேலை இருக்கும், ஆஸ்பத்திரி இருக்கும். அதற்காக உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். கோவில்பட்டிக்குப் பங்கைக் குறைத்து வைத்தது நீங்கள் இல்லையே. ஆனால் ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கோவில்பட்டியிலிருந்தே இடம் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் திருநெல்வேலியில் புறப்படும் நெல்லை எக்ஸ்பிரஸில் திருநெல்வேலியிலிருந்து போடுங்கள். பெர்த் காலியாக வருவது 65 கி.மீ. அளவுதான். அதுவும் இல்லை என்றால் மட்டும் கன்னியாகுமரி. உங்களுக்குச் சிரமம் ஒன்றும் கூடிவிடாது, இன்னொருவருக்குச் சேதம் குறையும்.

இனி அந்த மூன்று வண்டி விஷயம். இதைத்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைச் செய்கிறவர்கள் யாருமே தப்பு செய்கிறோம் என்று நினைப்பதில்லை. விதியில் தடையில்லை, காசும் கொடுத்தாச்சு, பிறகென்ன என்று கேட்கிறார்கள்.

ஒரு தீபாவளிக்கு முந்தின ராத்திரி, எழும்பூரிலிருந்து தெற்கே போகிற வண்டி. எனக்கு மூன்று ஸ்லீப்பர் கோச். அப்போதெல்லாம் டேப்லெட் கிடையாது, காகித சார்ட்தான். ஒரு கோச்சில் சைடு லோயரில் ஆர்ஏசியில் இரண்டு பேர். ஒருவர் அறுபத்தைந்து வயசு இருக்கும், முட்டியில் ஆபரேஷன் செய்து கட்டுப் போட்டிருந்தார். எதிரே ஏழு மாத கர்ப்பிணி. ஆர்ஏசி என்றால் உங்களுக்குத் தெரியும், ஒரு பெர்த்தை மடக்கி இரண்டு இருக்கையாக்கி எதிரெதிரே உட்கார வேண்டும். பெரியவர் காலை நீட்ட வேண்டும். நீட்டினால் அந்தப் பெண்ணின் மடியில் போய் முட்டும். அவர் காலைத் தன் கையாலேயே தூக்கி நடைபாதைப் பக்கம் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் டீ விற்கிறவர், சாமான் தூக்கிப் போகிறவர் எல்லாரும் இடித்துக்கொண்டே போனார்கள்.

அதே கோச்சில் எட்டு பெர்த் தள்ளி இரண்டு லோயர் பெர்த் காலி. ஒரே பிஎன்ஆர், இரண்டு பேர், போர்டிங் விழுப்புரம் என்று சார்ட்டில் இருக்கிறது. விழுப்புரம் வரும் வரை அதை நான் யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. ஏற வேண்டியவர் வந்து நின்றால் நான் என்ன பதில் சொல்வேன்? அந்தப் பெண் இரண்டு முறை என்னிடம் வந்து கேட்டாள். "விழுப்புரம் தாண்டட்டும்மா" என்றேன். தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம் என்று ஒவ்வொன்றாகப் போனது. விழுப்புரம் வந்தது. யாரும் ஏறவில்லை. ராத்திரி பதினொன்றரைக்கு அந்த இரண்டு பெர்த்தையும் அவர்கள் இருவருக்கும் கொடுத்தேன். பெரியவர் படுத்தபோது அந்த முட்டி மடங்கவில்லை.

அந்த பிஎன்ஆர்காரர்கள் ஏன் வரவில்லை? எனக்குத் தெரியாது, அன்றைக்கு உடம்பு சரியில்லாமல்கூட இருந்திருக்கலாம். ஆனால் பண்டிகை ராத்திரிகளில் இப்படி வராத பெர்த்துகளை நான் வருஷம் தோறும் பார்த்தேன், அவற்றில் பல பிறகு பேசும்போது வெளியே வந்தது: "வேற வண்டியிலயும் போட்டிருந்தோம் சார், இது மறந்து போச்சு." கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பெரிதாக ஒன்றும் திரும்பி வராது, அதனால் ரத்து செய்கிற சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்வதில்லை.

கன்னியாகுமரி டிக்கெட்டில் காலியாக வரும் பெர்த்துக்கு நீங்கள் காசு கொடுத்தீர்கள். இதிலும் கொடுத்தீர்கள்தான். ஆனால் அங்கே அந்தப் பெர்த்தில் கடைசியில் நீங்கள் படுத்துத் தூங்கி ஊர் போய்ச் சேர்கிறீர்கள், அதற்குத்தான் அதை எடுத்தது. இங்கே மூன்றில் இரண்டை எடுத்தது உங்கள் பதட்டத்துக்காக. அதன் விலையை ரூபாயில் நீங்கள் கொடுக்கிறீர்கள், ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வருவதை வேறொருவர் கொடுக்கிறார். அப்பா சொன்ன வார்த்தை கடுமையானது. இந்த ஒன்றுக்கு நான் அதை மறுக்க மாட்டேன்.

நிஜமாகவே தேதி உறுதியில்லை என்றால் இரண்டு நாளுக்கு இரண்டு போடுங்கள், தப்பில்லை. எந்த நாள் என்று தெரிந்த அன்றைக்கே மற்றதை ரத்து செய்துவிடுங்கள். நாலு நாள் முன்னால் ரத்தான பெர்த், வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிற ஒரு குடும்பத்துக்குப் போய்ச் சேரும். நாலு மணி நேரம் முன்னால் ரத்தானது யாருக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

மச்சினன் விஷயத்துக்கு வருவோம். இதில் நான் வளைந்து கொடுக்க மாட்டேன். டிக்கெட்டைக் கைமாற்றக் கூடாது என்பது 1989ஆம் வருஷ ரயில்வே சட்டத்திலேயே இருக்கிறது, மீறினால் தண்டனையும் உண்டு. ஆனால் குடும்பத்துக்குள் மாற்றிக்கொள்ள ரயில்வேயே வழி வைத்திருக்கிறது: அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, மகன், மகள், கணவன், மனைவி. வண்டி புறப்பட 24 மணி நேரம் முன்னால் கவுன்டரில் எழுதிக் கொடுத்தால் பெயரை மாற்றித் தருவார்கள். இந்தப் பட்டியலில் மச்சினன் இல்லை. உங்கள் மனைவிக்குத் தம்பி என்பதால் மனைவி பெயரில் இருந்த டிக்கெட்டை அவருக்கு முறைப்படி மாற்றியிருக்கலாம், உங்கள் பெயரில் இருந்ததை முடியாது. யாராவது கேட்டிருந்தால் அவரை டிக்கெட் இல்லாத பயணியாகத்தான் நடத்தியிருப்போம். கேட்காமல் விட்டது எங்கள் ஆளின் அவசரம், அது உங்களுக்கு அனுமதி ஆகாது.

சட்டம் கிடக்கட்டும். ஒரு வண்டி தடம் புரண்டால் முதலில் தேடுவது சார்ட்டைத்தான். எந்தக் கோச்சில், எந்தப் பெர்த்தில் யார் என்று அதைப் பார்த்துத்தான் வீடுகளுக்குப் போன் போகும். உங்கள் டிக்கெட்டில் மச்சினன் போன அந்த ராத்திரி ஏதாவது நடந்திருந்தால், போன் உங்கள் வீட்டுக்கு, உங்கள் பெயரைச் சொல்லி வந்திருக்கும். அவருடைய அம்மாவுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்பா இதைச் சொல்லித்தான் உங்களைக் கடிந்தாரா தெரியாது, நான் இதற்காகத்தான் கடிகிறேன்.

அம்மாவின் வயது. தம்பி, இந்தப் பொய் தேவையே இல்லை. லோயர் பெர்த் கோட்டாவுக்குப் பெண்களுக்கு 45 வயது ஆனால் போதும், ஆண்களுக்குத்தான் 60. அம்மா தனியாகவோ, அதே தகுதி உள்ள இன்னொருவரோடோ போகும்போது அந்தக் கோட்டாவில் போடுங்கள். உங்கள் பெயரையும் அதே டிக்கெட்டில் சேர்ப்பதால்தான் கிடைக்காமல் போயிருக்கும். மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச் 20 முதல் நிறுத்திவைக்கப்பட்டது. ஆக 60 என்று போட்டதால் பைசா மிச்சமும் இல்லை. கிடைத்தது என்ன என்றால், ஆதாரை நீட்டும்போது அம்மாவின் கை கொஞ்சம் நடுங்கும், அவ்வளவுதான். பிள்ளை போட்ட பொய்க்கு ராத்திரி ஒரு மணிக்கு ஒரு அம்மா பதில் சொல்லத் தடுமாறுவதை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கிற எங்களுக்கும் நல்லாயிருக்காது.

"காசு கொடுத்தால் எல்லாம் சரியா" என்பதுதானே உங்கள் கேள்வியின் அடி. சட்டமே அப்படிப் பார்ப்பதில்லை. சரியான டிக்கெட் இல்லாமல் வருகிறவருக்கு ரயில்வே சட்டத்தில் இரண்டு பிரிவு இருக்கிறது. 138இல் கட்டணமும், அதே அளவு அல்லது 250 ரூபாய், எது அதிகமோ அந்தக் கூடுதல் தொகையும் வாங்கிவிட்டு விடலாம். 137 ஏமாற்றும் நோக்கத்தோடு வருகிறவருக்கு. அதில் ஆறு மாதம் வரை சிறையே உண்டு. இரண்டு பேரும் ஒரே பெட்டியில், ஒரே மாதிரி டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். வித்தியாசம் அவர்கள் மனசுக்குள். அதை டிடிஇ, அதாவது டிக்கெட் பரிசோதகர், அரை நிமிஷத்தில் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர் பிளாட்பாரத்திலேயே ஓடி வந்து, "சார், கவுன்டரில் கூட்டம், டிக்கெட் எடுக்க முடியலை, எழுதிக் கொடுங்க" என்பார். இன்னொருவர் இந்தப் பக்கம் உள்ளே வர ஒரு சின்ன டிக்கெட், அந்தப் பக்கம் வெளியே போக ஒரு சீசன் டிக்கெட் என்று வைத்துக்கொண்டு, நடுவில் முன்னூறு கிலோமீட்டரைச் சும்மா கடப்பார். இரண்டாவது ஆளிடமும் இரண்டு டிக்கெட் இருக்கும், அதுவும் காசு கொடுத்து வாங்கியதுதான்.

நான் வேலையில் இருந்தபோது ஒருவரிடம் சந்தேகம் வந்தால் ஒன்றே ஒன்றைத்தான் கவனிப்பேன். நான் கேட்பதற்கு முன்னால் அவராகச் சொல்கிறாரா? உங்கள் நாலையும் அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். "சார், கன்னியாகுமரியிலிருந்து எடுத்திருக்கேன், கோவில்பட்டியில் ஏறினேன்" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்வீர்கள். "சார், இது எங்க அத்தான் டிக்கெட்" என்று மச்சினன் சொல்வாரா?

இதே கேள்வியை எழுதும் சிலர், ஆபீஸில் எல்லாருக்கும் தாங்களே போட்டுக் கொடுத்துத் தலைக்கு ஐம்பது நூறு வாங்கிக்கொள்வதாகவும் எழுதுகிறார்கள். நீங்கள் அதைச் சொல்லவில்லை, செய்தால் நிறுத்திவிடுங்கள். சொந்த ஐடியில் போட்டு விற்பது 143ஆம் பிரிவில் குற்றம், ஆன்லைனில் போட்டாலும் அது பொருந்தும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

கடைசியாக ஒரு நடைமுறை யோசனை. நீங்கள் சென்னையிலிருந்து ஊருக்குப் போகும்போதும், மதுரையில் வேலை இருந்து அங்கேயே இறங்கிவிட்டால், டிக்கெட் கோவில்பட்டி வரை இருந்தாலும் கோச்சில் இருக்கும் டிடிஇயிடம் "நான் மதுரையில் இறங்குகிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குங்கள். நடுவில் இறங்குவது உங்கள் உரிமை, மீதிக் காசு திரும்ப வராது. ஆனால் அந்த ஒரு வார்த்தையால் சைடு லோயரில் மடங்கி வருகிற யாரோ ஒருவர் மிச்ச வழிக்குக் காலை நீட்டுவார்.

முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. பொங்கலுக்குக் கிளம்ப ஜனவரி 13 ராத்திரி வண்டி வேண்டும் என்றால் நவம்பர் 14 காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும். அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே போடுங்கள், அம்மாவின் வயதை அவரையே சொல்லச் சொல்லுங்கள். இப்போதே ஏதாவது பண்டிகைக்கு மூன்று வண்டியில் போட்டு வைத்திருந்தால், இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் போனை எடுத்து இரண்டை ரத்து செய்யுங்கள்.